இசபெல்லாவுக்கு ஆள் பார்த்த வருடம்

சிலிபின், ஈப்போ
8 ஜனவரி 2024

திரு. சதாசிவம் அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை என் வீட்டு வாசலில் நின்று நீங்கள் பேசியதில் பாதிக்குமேல் எனக்குக் கேட்கவில்லை. கேட்ட மாதிரி தலையாட்டியது மரியாதைக்காக. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காது பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மட்டும் வேலை செய்கிறது. ஆகவே கைப்பேசியில் கூப்பிடாதீர்கள். நமக்குள் பேரம் என்று ஒன்று நடக்குமானால் அது கடிதத்தில் நடக்கட்டும்.

காது மட்டும் காரணமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சீட்டில் எழுதாத மருந்தை யாருக்கும் கொடுத்ததில்லை. கார் புரோக்கர்களைப் பற்றி இதுவரை நல்லதாக எதுவும் என் காதில் விழுந்ததில்லை, காது நன்றாக இருந்த காலத்திலும். வாயால் சொன்னதைப் பிறகு "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்பார்கள். எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது.

காரைப் பற்றி. போர்க்வார்ட் இசபெல்லா, இரண்டு கதவு, 1960-ல் செய்தது. அடுத்த வருடமே அந்த ஜெர்மன் கம்பெனி நொடித்துப் போனது. எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது இதை வாங்க ஆள் இல்லை. உதிரிபாகம் கிடைக்காத காரை எவன் வாங்குவான்? நான் வாங்கினேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகு வந்த என் மனைவி எல்ஸி, தனக்கு முன்னால் வீட்டுக்கு வந்தவள் என்பதால் இசபெல்லாவை 'மூத்தாள்' என்றுதான் சொல்வாள். "மூத்தாளுக்கு எண்ணெய் மாத்தியாச்சா?" என்று கேட்பாள். எல்ஸி போய் ஐந்து வருடமாகிறது.

என் மகள் ஜோவான் பெர்த்தில் இருக்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடச் சொல்கிறாள். கண் டாக்டரும் இனி கார் ஓட்டாதே என்று சொல்லிவிட்டார். காரை விற்றதும் புறப்படுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் விற்கிறேன், பணத்துக்காக இல்லை.

துரை காலத்திலிருந்து அதன் பதிவு எண் A 39. பேராக் மாநிலத்தில் இரண்டு இலக்க எண் என்றால் என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணையும் காரையும் பிரிக்கக் கூடாது. வாங்குகிறவர் யாரானாலும் நேரில் என் வீட்டுக்கு வரவேண்டும், படம் பார்த்து வாங்குகிறவர்கள் வேண்டாம். இவ்வளவுக்கும் சம்மதமானால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்


தெலுக் இந்தான்
19 ஜனவரி 2024

டிரசர் ஐயாவுக்கு வணக்கம்.

கடைசியாக நான் எழுதிய கடிதம் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் எழுதிய விடுப்புக் கடிதம். எனக்கு வயிற்று வலி என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். எனவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தபால் ஆபீசில் தபால் தலை கேட்டதற்கு அங்கிருந்த மலாய்ப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள், ஏன் வாட்ஸ்அப் போடலை?" என்று கேட்டாள். காதலிக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன்.

உங்கள் நிபந்தனை எல்லாம் சம்மதம். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இசபெல்லாவைப் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் A 39-ஐப் பார்க்கத்தான் வருவார்கள். காடியை வாங்குவார்கள், நம்பரைப் புதுக் காடிக்கு மாற்றுவார்கள், பழையதை எங்காவது தள்ளிவிடுவார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நானே அப்படி நம்பர் பார்த்துக் கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அது இன்னொரு வயிற்று வலிக் கடிதம் ஆகிவிடும். உங்கள் காடிக்கு அதைச் செய்ய மாட்டேன்.

வியாழக்கிழமைகளில் சாலைப் போக்குவரத்து இலாகா வேலையாக ஈப்போ வருவேன். தைப்பூசத்துக்கு அடுத்த வியாழன் ஒரு தவுக்கேயை, சீன முதலாளியை, அழைத்து வருகிறேன். ஈயச் சுரங்கத்தில் காசு பார்த்த பழைய குடும்பம். பழைய காடி நாலைந்து வைத்திருக்கிறார். நல்லவரா என்று கேட்காதீர்கள், பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வணக்கத்துடன்,
சதாசிவம்


சிலிபின், ஈப்போ
26 பிப்ரவரி 2024

திரு. சதாசிவம் அவர்களுக்கு,

உங்கள் தவுக்கே வந்து போனதிலிருந்து எழுத நினைத்தேன், கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். அந்த மனிதர் காரின் கதவைத் திறக்கவில்லை. முன்னால் குந்தி உட்கார்ந்து நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார், பின்னால் போய் இன்னொரு படம் எடுத்தார். பெண் பார்க்க வந்தவன் வீட்டு வாசல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போவானா?

அடுத்து வந்த புதுமணத் தம்பதி பரவாயில்லை. அந்தப் பெண் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். ஆனால் அவர்களுக்குக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட கார் வேண்டுமாம். இசபெல்லாவின் மூக்கில் ரிப்பன் கட்டி ஊர் ஊராக ஓட்டுவார்கள். வேண்டாம்.

வருகிறவர்களிடம் நான் என்ன பார்க்கிறேன் என்று அன்றைக்குக் கேட்டீர்கள், சைகையில். சொல்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு பானெட் மேல் உள்ளங்கையை வைப்பேன். காது போன பிறகு அப்படித்தான் கேட்கிறேன். சளி பிடித்தவன் நெஞ்சில் கை வைத்தால் தெரியும் அல்லவா, அதேதான். வந்தவர்களில் ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்கவில்லை.

ஆள் கிடைக்காவிட்டாலும் நிலவரம் சொல்ல வியாழன்தோறும் வந்து போகலாம். புரோக்கர் என்றால் அவ்வப்போது நிலவரம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. போன வாரம் நீங்கள் வராததால் கோப்பி வீணானது.

இப்படிக்கு,
அ. பாஸ்கல்

பி.கு.: சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னீர்களா, கூடுதலாகவா? எழுதவும்.


தெலுக் இந்தான்
22 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு வணக்கம்.

ஐயா என்று எழுதி எழுதி கை வலிக்கிறது. இத்தனை வியாழன் உங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து எழும்பிய பிறகு அண்ணே என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டு. சர்க்கரை கூடுதலாக.

டாக்டர் கீத் விஷயமாக எழுதுகிறேன். அவர் தைப்பிங்கிலிருந்து வந்தார். அந்த ஊர் மழைக்குப் பயந்து காடி நிறுத்த வீட்டில் கூரை போட்டுவிட்டுத்தான் வந்தார். நம்பரையும் காடியையும் பிரிக்க மாட்டேன் என்று உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இசபெல்லாவுக்குள் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் இறங்கவில்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ஆளை நான் அழைத்துப் போனதில்லை. அவரையும் வேண்டாம் என்கிறீர்கள். என்ன காரணம் என்று கேட்டால் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாராம். அண்ணே, அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ பெண்ணுக்குப் பிரசவம். நீங்களும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்தானே?

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆள் வேண்டியது காடிக்கு இல்லை. நான் வருவதற்கு முன்பே இரண்டு கோப்பை எடுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். நான் எழுந்தால் காடியில் இன்னொன்று காட்ட வேண்டும் என்று என்னைத் திரும்ப உட்கார வைக்கிறீர்கள். கேட் வரை வந்து, நான் திருப்பத்தில் மறைகிற வரை நிற்கிறீர்கள். கண்ணாடியில் பார்க்கிறேன்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் கதையும் அதுதான். என் மனைவி கலாதேவி மகனோடு இருக்க ஜொகூர் போனாள், அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது, அவ்வளவுதான். நான் டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற தொழில், சாயங்காலம் என் அறைக்கதவைத் திறந்தால் பேச ஆள் இல்லை. நான் எந்தக் காடியையும் கை வைத்துப் பார்க்காததும் அதனால்தான். தொட்டால் விற்க மனசு வராது.

அதனால் சொல்கிறேன் அண்ணே. விற்கப் பிடிக்காவிட்டால் விற்க வேண்டாம். இன்னும் எத்தனை பேரை வரவழைத்துத் திருப்பி அனுப்புவது? சும்மா வா என்று சொல்லுங்கள், வாரேன்.

அன்புடன்,
சதாசிவம்


சிலிபின், ஈப்போ
29 ஏப்ரல் 2024

திரு. சதாசிவம்,

கடிதம் கிடைத்தது. நீங்கள் புரோக்கர். என் காரை விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டவர். என் கோப்பைகளை எண்ணுவதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நான் காரை விற்கத்தான் விரும்புகிறேன். அது உங்களுக்கு விரைவில் தெரியவரும். மார்கஸ் என்று ஒரு பையன், என் மனைவியின் ஞானப்பிள்ளை, கோலாலம்பூரில் இதே தொழில் செய்கிறான். போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என்னைப் பார்த்தான். எல்ஸியின் காரை அந்நியரிடம் ஏன் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று வருத்தப்பட்டான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இனி வியாழக்கிழமை இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அ. பாஸ்கல்


தெலுக் இந்தான்
7 மே 2024

அண்ணனுக்கு,

எழுதியது உங்கள் மனதைக் குத்திவிட்டது. மன்னியுங்கள்.

மார்கஸ் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல பையனாகவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று. இலாகாவுக்கு அழைத்துப் போய் பெயர் மாற்றக் கட்டைவிரல் வைக்கச் சொல்வார்கள். வைப்பதற்கு முன்னால் வாங்குகிறவன் முகத்தைப் பாருங்கள். அவன் இன்று வரவில்லை, நாளை வருவான் என்று யார் சொன்னாலும் விரலைக் கொடுக்காதீர்கள். இது நீங்களே போட்ட நிபந்தனை. நான் ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

சதாசிவம்


தெலுக் இந்தான்
13 ஆகஸ்ட் 2024

பாஸ்கல் அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றிருந்தேன். நேற்று சிம்பாங் பூலாய் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பெரிய வெள்ளை வேன், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பிளேட்டைப் பார்த்தேன். A 39. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பச்சை விழுந்ததும் கேமரன் மலைப் பாதையில் ஏறிப் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். யாருக்கு விற்றீர்கள், எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று கேட்கவில்லை. இசபெல்லா எங்கே என்று மட்டும் எழுதுங்கள்.

சதாசிவம்


சிலிபின், ஈப்போ
20 ஆகஸ்ட் 2024

திரு. சதாசிவம்,

வியாபாரம் கைவிட்டுப் போனால் புரோக்கர்களுக்குக் கண்ணும் மங்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் பார்த்தது A 89 ஆக இருக்கும், வேறு ஏதாவதாக இருக்கும்.

இசபெல்லா பினாங்கில் இருக்கிறது. வாங்கியவர் ஓய்வுபெற்ற என்ஜினியர், பழைய ஜெர்மன் கார்களுக்கென்றே தனிக் கொட்டகை கட்டியிருக்கிறார். அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததால் ஈப்போ வர முடியவில்லை. அதனால் மார்கஸ் எல்லாவற்றையும் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் கடிதம் என் முன்னால் இருக்கிறது. "ஐயா, ஞானத்தாயின் நினைவாக இந்தக் காரும் இதன் எண்ணும் ஒருநாளும் பிரியாது என்று ஆண்டவர் முன்னிலையில் உறுதி கூறுகிறேன்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறான். ஒரு எழுத்துப்பிழை இல்லை. நீங்கள் எழுதிய கடிதங்களில் எத்தனை பிழை என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு என்னைப் பினாங்குக்கு அழைத்துப் போய் காரைக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறான்.

எல்ஸியின் கையில் இருந்துகொண்டு ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை அவன். அவளைப் புதைத்த அன்று என் பக்கத்தில் நின்றவன். அவனைச் சந்தேகப்பட்டு எனக்கு எழுத நீங்கள் யார்?

அ. பாஸ்கல்


சிலிபின், ஈப்போ
30 செப்டம்பர் 2024

சதாசிவம்,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியதில்லை.

உங்களிடம் அப்படி எழுதிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. மார்கஸுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. எதிர்வீட்டுப் பையனை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். அந்த எண் இப்போது பயனில் இல்லை என்று வருகிறதாம். பேருந்து பிடித்துக் கோலாலம்பூர் போனேன். அவன் தந்த முகவரியில் ஒரு துணி வெளுக்கும் கடை இருக்கிறது. அங்கிருந்த பெண் நான் கேட்டதற்கு ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவள் கையை விரித்துக் காட்டினாள். புரிந்தது.

கோயிலில் சாமியாரிடம் கேட்டேன். அவன் அன்று ஒரு ஞாயிறு வந்ததுதான், எல்ஸியின் அடக்கத்துக்குப் பிறகு வேறு எந்த ஞாயிறும் பார்க்கவில்லை என்று எழுதிக் காட்டினார். அந்த ஒரு ஞாயிறு எனக்காக வந்திருக்கிறான்.

காரை வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரல் வைத்தேன். உங்கள் மே மாதக் கடிதம் சட்டைப் பையில் இருந்தபோதே வைத்தேன். ஏன் தெரியுமா? எனக்குக் காரை விற்கப் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியது பொய் என்று காட்ட வேண்டும். வேறு எந்தக் காரணமும் இல்லை. அவசரம் அவசரமாக வைத்தேன்.

நீங்கள் எழுதியது பொய் இல்லை. கார் விற்றுவிட்டால் நான் பெர்த் போக வேண்டும். அங்கே ஜோவானும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். ஒருமுறை போய் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் பகலில் ஒரு மனிதத் தலை தெரியாது. இங்கே இருப்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் அந்தக் கார். அதனால் வருகிறவர்களை எல்லாம் ஏதாவது குறை சொல்லி அனுப்பினேன். டாக்டர் கீத் மேல் ஒரு தப்பும் இல்லை. கார் போய்விட்டது என்று ஜோவானிடம் இன்னும் சொல்லவில்லை. "டேடி, இன்னும் ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டு எழுதுகிறாள். கிடைக்கவில்லை என்று பதில் எழுதுகிறேன்.

முகப்பில் இசபெல்லா நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதைக் கழுவவில்லை. வீடு மிகவும் பெரிதாக இருக்கிறது.

உங்களிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?

பாஸ்கல்


தெலுக் இந்தான்
4 நவம்பர் 2024

அண்ணே,

இசபெல்லாவைப் பார்த்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே, சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் ஒரு பட்டறை. அந்த வேன்காரர் அங்கேதான் டயர் மாற்றுகிறார் என்று ஒரு லாரிக்காரர் சொல்லித்தான் போனேன். வேன்காரர் மேல் தப்பில்லை. அவர் இந்தப் பட்டறையில் வைத்து மார்கஸிடம் நம்பருக்குக் காசு கொடுத்தார், நம்பர் வந்தது. காடி இருந்ததே அவருக்குத் தெரியாது. பட்டறைக்காரரிடம் கேட்டேன். "அந்தப் பழைய காடியா? பின்னால கிடக்கு, போய்ப் பாருலா" என்றார்.

கூரை இல்லாத இடம். லாலான் புல் முழங்காலுக்கு நிற்கிறது. சக்கரம் நான்கும் இல்லை, கட்டை மேல் நிற்கிறாள். ஸ்டியரிங் இல்லை, விளக்கு இல்லை, முன்பக்கத்துக் கம்பி வலை இல்லை. சாமான் கிடைக்காத காடி என்று நீங்கள் எழுதினீர்கள். அதுதான் காரணம். எங்கும் கிடைக்காத சாமான் என்பதால் மார்கஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிநாட்டுக்கு விற்றிருக்கிறான். இன்ஜினும் போய்விட்டது. போன மாதம்தான் ஏற்றினார்களாம். அவன் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பின்சீட் இருக்கிறது. பானெட் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த நேரம். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை அண்ணே. அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன், நீங்கள் வைப்பீர்களே அந்த மாதிரி. முதல் தடவையாக ஒரு காடியைக் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன்.

பட்டறைக்காரர் பழைய இரும்புக்குத் தள்ளிவிடக் காத்திருக்கிறார். நான் பேசி நிறுத்தி வைத்திருக்கிறேன், தார்ப்பாய் ஒன்று வாங்கிப் போர்த்திவிட்டு வந்தேன். போலீஸில் புகார் கொடுங்கள். கட்டைவிரல் நீங்களே வைத்தது என்பதால் காடி திரும்ப வராது. ஆனாலும் அவன் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறதே, அடுத்தவர் ஏமாறாமல் இருக்கவாவது உதவும்.

நான் முன்பே சொன்னேன் என்று எழுத மாட்டேன். எந்தப் புரோக்கரும் ஏமாற்றுவதற்கு முன்னால் நல்ல பிள்ளையாகத்தான் வருவான். நானும் உங்கள் வாசலில் அப்படித்தான் வந்து நின்றேன். என்னை மட்டும் நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

சதாசிவம்


சிலிபின், ஈப்போ
18 நவம்பர் 2024

தம்பி சதாசிவத்துக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அழுதேன். எல்ஸி போனபோது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் அடக்கிக்கொண்டேன். இப்போது யாரும் இல்லை என்பதால் இரண்டுக்கும் சேர்த்து அழுதேன்.

புகார் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த அதிகாரி வாயால் சொல்லச் சொன்னார், நான் எழுதித்தான் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்.

ஜோவானுக்கும் உண்மையை எழுதிவிட்டேன். கார் இல்லை, இருந்தாலும் இப்போது வரவில்லை, ஈப்போவில் இருக்க ஆசைப்படுகிறேன், அதற்குக் காரணம் எதுவும் கேட்காதே என்று எழுதினேன். அவள் கோபப்படவில்லை. "சரி டேடி, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

இசபெல்லாவை அந்தப் பட்டறைக்காரர் தள்ளிவிடட்டும். அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் கை வைத்து வழியனுப்பியதே போதும். அவளுக்கு ஆள் பார்க்கிறேன் என்று எத்தனை பேரை வரவழைத்தோம். கடைசியில் கை வைத்த ஆள் நீங்கள்தான்.

உங்களை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். நான் காகிதத்தை நம்பினேன், கோயில் வாசலை நம்பினேன். அவன் எனக்குப் பிடித்ததை எழுதிக் கொடுத்தான். நீங்கள் எனக்குப் பிடிக்காததை எழுதினீர்கள், பிறகு நான் வர வேண்டாம் என்றதும் வராமல் இருந்தீர்கள். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது என்னிடம் கார் இல்லை, நம்பர் இல்லை. விற்பதற்கு இந்த வீட்டில் எதுவுமே மிச்சமில்லை. ஒரு புரோக்கருக்கு இங்கே வேலை கிடையாது. அதை நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. வியாழக்கிழமை சும்மா வாருங்கள்.

கேட்டைப் பூட்ட மாட்டேன். வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, நேராக உள்ளே வந்துவிடுங்கள்.

பாஸ்கல்